மிஷின் வந்தால் போதுமா? ஆசிரியருக்குப் பழக்கம் வேண்டாமா?



பனியன் கம்பெனியில் புது ஓவர்லாக் மிஷின் இறக்கிவிட்டால் பீஸ் தானாகத் தைத்து வந்துவிடுமா? ஓட்டத் தெரிந்த டெய்லர் வேண்டும். நூல் அறுந்தால் கோர்க்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் துணிதான் வீண். நம்ம பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான்.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்களே, அப்போது பட்ட பாடு மறக்குமா? வீட்டில் ஒரே போன். கம்பெனி திறந்ததும் அதுவும் அம்மாவோடு ஷிப்ட்டுக்குப் போய்விடும். ராத்திரி வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியுமா? அதற்கு ஆசிரியர்தான் வேண்டும்.

இன்றைக்கு வசதிகளுக்குக் குறைவில்லை. 2018 முதல் புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது. தீக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 2023-ல் மணற்கேணி செயலியும் வந்தது. இவற்றைப் பாடத்தோடு சேர்த்து நடத்தும் திறமைதான் முக்கியம்.

அந்தத் திறமை என்ன?

1. வீடியோவைப் போட்டுவிட்டு உட்காராமல், நடுவில் நிறுத்தி, "இது ஏன் இப்படி?" என்று கேட்பது.

2. சின்னத் தேர்வு வைத்து, எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று அன்றைக்கே கண்டுபிடிப்பது.

3. நம்ம ஊரில் இந்தி, ஒடியா பேசும் குடும்பத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். படமும் ஒலியும் காட்டி அவர்களுக்குத் தமிழ் புரியவைப்பது.

4. இணையத்தில் ஏமாறாமல் இருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது.

ஒருநாள் பயிற்சியில் இது வராது. நாமும் கணக்கு நோட்டு எழுத ஒரே கூட்டத்திலா கற்றுக்கொண்டோம்? ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெற வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. வயதான ஆசிரியர் தயங்கினால் குறை சொல்ல வேண்டாம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் கூட இருந்து காட்டிக்கொடுத்தாலே பாதி பயம் போய்விடும்.

இதில் நமக்கென்ன வேலை என்கிறீர்களா? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். அதாவது நாம்தான்! அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். லேப் வாரம் எத்தனை நாள் திறக்கிறது? நெட் வேலை செய்கிறதா? ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி கிடைத்தது, இன்னும் என்ன தேவை?

சண்டைக்காக அல்ல, துணைக்காகக் கேட்போம். குழுக் கடனைத் தவணை தவறாமல் வசூலிக்கத் தெரிந்த நமக்கு, பிள்ளைகளின் படிப்பைக் கேட்டு வாங்கத் தெரியாதா என்ன?