பழைய மெயில் சர்வரை உடனே அணைத்தால் என்ன ஆகும்? தேனி பஸ் ஸ்டாண்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் கடைசியில் நிறுத்தப்பட்டது. அகலப் பாதை வந்துவிடும், கொஞ்ச காலம்தான் என்று மக்கள் காத்திருந்தார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூன் 15. அதுவரை பஸ்தான் கதி.

அங்கே வேறு வழி இல்லை. பழைய தண்டவாளத்தைப் பிரித்தால்தான் அதே இடத்தில் புதியதைப் போட முடியும். ஆனால் ஒரு கம்பெனியின் மெயில் சர்வருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பழையதை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தில் புதியதை வைத்து, ஊழியர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். சிலர் அவசரப்பட்டுப் பழையதை முதலிலேயே அணைத்துவிடுகிறார்கள். சிலர் வருஷக்கணக்கில் அணைக்காமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. ஏன் என்று பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

உலகம் முழுக்க அலுவலகங்கள் பயன்படுத்தும் மெயில் சாப்ட்வேர்களில் ஒன்று மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர். இதன் 2016, 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பதிலாக 'சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்' என்ற புதிய பதிப்பு 2025 ஜூலையில் வெளியானது. சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் நூற்பாலை, கல்லூரி, மருத்துவமனை, ஏற்றுமதி நிறுவனம் எதுவாக இருந்தாலும் மாறித்தான் ஆக வேண்டும்.

அரசு அலுவலகங்களும் இந்த மாற்றத்துக்கு விலக்கல்ல. தேசிய தகவல் மையம் (என்.ஐ.சி.) நடத்திவந்த மத்திய அரசு மெயில் சேவைக்கான ஒப்பந்தம் 2023-ல் சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்துக்குக் கிடைத்தது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயில் ஜோஹோ தளத்துக்கு மாறியதாக 2025-ல் செய்திகள் வந்தன. இத்தனை பெட்டிகள் இடம் மாறியும் 'ஜிஓவி டாட் இன்', 'நிக் டாட் இன்' என்று முடியும் முகவரிகள் அப்படியே இருக்கின்றன. மெயில் அனுப்பும் பொதுமக்களுக்கு வித்தியாசமே தெரியாது. நல்ல மாற்றத்துக்கு அடையாளம் அதுதான்.

ஒரே ராத்திரியில் மாற்றினால் என்ன?

அஞ்சு பேர் வேலை செய்யும் ஆபீஸ் என்றால் மாற்றிவிடலாம். 300 பேர் என்றால் முடியாது. ஒவ்வொருவர் பெட்டியிலும் பல வருஷத்து மெயில்கள், பில்கள், படங்கள் இருக்கும். காப்பி ஆகவே பல நாள் பிடிக்கும். நடுவில் ஏதாவது கோளாறு வந்தால் திரும்பிப் போகவும் வழி வேண்டும். பழைய சர்வரை அணைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய் ஏலம் இன்று கம்ப்யூட்டர் வழியேதான் நடக்கிறது. அங்கே வாங்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். காலையில் ஏலத்தில் சரக்கு எடுத்தவர், வெளிநாட்டு ஆர்டர் உறுதியா என்று மெயிலைப் பார்க்கிறார். அன்றைக்கு மெயில் வரவில்லை என்றால் வாங்கிய சரக்கு கையில் நிற்கும். அவருக்கு மெயில் என்பது வெறும் கடிதம் இல்லை, பணம்.

இரண்டும் சேர்ந்து ஓடுவது எப்படி?

தேனிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஊருக்கு நடுவே பழைய பஸ் ஸ்டாண்டு. பைபாஸ் ரோட்டில் கர்னல் ஜான் பென்னிகுவிக் பெயரில் புது பஸ் ஸ்டாண்டு. வெளியூர் பஸ்ஸில் புது ஸ்டாண்டில் இறங்குபவர், பழைய ஸ்டாண்டு பக்கம் போக வேண்டும் என்றால் இன்னொரு பஸ் பிடித்துப் போய்விடுவார். ஊர் ஒன்றுதான், ஸ்டாண்டு இரண்டு.

மெயில் சர்வரிலும் இதே கதைதான்.

1. புதிய சர்வரைப் பழையதன் பக்கத்திலேயே நிறுவுவார்கள். ஊழியர் பட்டியலும் முகவரிப் புத்தகமும் இரண்டுக்கும் பொது.

2. வாசலைப் புதிய சர்வருக்கு மாற்றுவார்கள். யார் லாகின் செய்தாலும் முதலில் புதியதற்குத்தான் வருவார்கள். அவருடைய பெட்டி இன்னும் பழையதில் இருந்தால், புதிய சர்வரே உள்ளே போய் எடுத்துக் கொடுக்கும்.

3. பெட்டிகளை அணி அணியாக நகர்த்துவார்கள். முதலில் ஐ.டி. ஆட்கள், பிறகு ஒரு சிறிய பிரிவு, கடைசியில் மற்றவர்கள். காப்பி நடக்கும்போதே ஊழியர் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். முடிந்ததும் மெயில் ஆப்பை ஒரு தடவை மூடித் திறக்கச் சொல்லும், அவ்வளவுதான்.

4. எல்லாம் நகர்ந்த பிறகு பழையதை முறைப்படி நீக்குவார்கள். சும்மா சுவிட்சை அணைப்பது நீக்குவது ஆகாது. அப்படிச் செய்தால் அமைப்பின் பதிவேட்டில் பழைய சர்வரின் பெயர் உயிரோடு நிற்கும், பின்னால் குழப்பம் தரும்.

எந்தப் பழையதும் எந்தப் புதியதோடும் சேருமா?

சேராது. எக்ஸ்சேஞ்ச் 2019 தனக்கு முந்தைய 2013, 2016 பதிப்புகளோடு சேர்ந்து ஓடும், ஆனால் 2010-ஐ ஏற்காது. புதிய சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் 2013-ஐ ஏற்காது. அதாவது, ரொம்ப காலம் சும்மா இருந்தவர்கள் ஒரே தாவில் புதியதற்குப் போக முடியாது. நடுவில் ஒரு பதிப்புக்கு மாறி, அங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும். வேலையும் இரண்டு மடங்கு, செலவும் இரண்டு மடங்கு. இனி வரும் அப்டேட்களில் 2016, 2019 பதிப்புகளோடு சேர்ந்து ஓடுவதும் தடுக்கப்படும் என்று மைக்ரோசாப்ட் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது.

மெயில் எங்கே தொலையும்?

சர்வர் சில மணி நேரம் நின்றுபோனால் மெயில் அழிந்துவிடாது. வாங்க ஆள் இல்லை என்றால் அனுப்பும் சர்வர் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். இப்படிக் குறைந்தது 4, 5 நாட்களாவது முயல வேண்டும் என்பது இணைய மெயிலின் பொது விதி.

உண்மையான சிக்கல் வேறு. ஒரு நிறுவனத்தின் மெயிலை விட்டு முற்றிலும் வேறொரு நிறுவனத்தின் மெயிலுக்கு மாறும்போது, இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் பெட்டி இருக்கும். ஊழியர் புதிய பெட்டிக்குப் போய்விட்டார் என்பது பழைய சர்வருக்குத் தெரியாவிட்டால், வரும் மெயிலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அனுப்பியவருக்குப் பிழைச் செய்தி எதுவும் போகாது. மெயில் தொலையவில்லை, யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கிறது. அதனால்தான் மாறியவர்களின் மெயிலைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் வேலையை முதல் நாளே செய்ய வேண்டும்.

இன்னொன்று, மனிதர்கள் மட்டும் மெயில் அனுப்புவதில்லை. பில் போடும் சாப்ட்வேர், ஸ்கேனர், வருகைப் பதிவு மெஷின் எல்லாமே பழைய சர்வரின் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழையதை அணைத்த மறுநாள்தான் 'பில் போகவில்லையே' என்று போன் வரும். அணைக்கும் முன் யாரெல்லாம் இன்னும் பழைய சர்வரைத் தேடி வருகிறார்கள் என்று அதன் பதிவுகளைப் பார்ப்பது அவசியம்.

அப்போ ரெண்டையும் அப்படியே ஓட்டலாமே?

கூடாது. 2021 மார்ச் 2-ம் தேதி எக்ஸ்சேஞ்ச் 2013, 2016, 2019 பதிப்புகளில் இருந்த ஓட்டைகளை அடைக்க மைக்ரோசாப்ட் அவசர அப்டேட் வெளியிட்டது. ஆனால் அதற்கு முன்பே அந்த ஓட்டைகள் வழியாக ஹேக்கர்கள் நுழையத் தொடங்கியிருந்தார்கள். உலகம் முழுக்கப் பல்லாயிரம் சர்வர்கள் பாதிக்கப்பட்டன. அப்டேட் வந்த பிறகும் போடாமல் விட்டவர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள்.

ஆதரவு முடிந்த சர்வருக்கு அந்த அப்டேட்டே வராது. முன்வாசலில் புதுப் பூட்டு, கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கிறது என்ற நிலை. உள்ளே வந்தவர் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கலாம். அல்லது சத்தமில்லாமல் மெயில்களைப் படித்து, அனுப்ப வேண்டிய பில்லில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றலாம். சரக்கு போய்ச் சேரும், பணம் வேறெங்கோ போகும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

ஆபீஸ் நடத்துபவராக இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே ஐ.டி. ஆட்களிடம் பழைய சர்வர் எந்தத் தேதியில் போகும் என்று எழுதி வாங்குங்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு மெயிலைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஊழியராக இருந்தால், மாற்றம் நடக்கும் வாரங்களில் ரொம்ப உஷாராக இருங்கள். 'உங்கள் மெயில்பாக்ஸ் புதிய சர்வருக்கு மாறுகிறது, 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்கில் பாஸ்வேர்டு போடுங்கள்' என்று வரும் செய்தி மோசடிக்காரர்களுக்குப் பிடித்த தூண்டில். உண்மையிலேயே மாற்றம் நடக்கும் நேரத்தில் அது நிஜம் போலவே தெரியும். லிங்கைத் தொடாமல் ஐ.டி. ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

வியாபாரியாக இருந்தால், வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால் பழகிய நம்பரில் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பஸ் ஸ்டாண்டு இரண்டு இருந்தால் ஊருக்கு வசதி. மெயில் சர்வர் இரண்டு இருப்பது சில வாரங்களுக்கு மட்டும்தான் வசதி. அதற்கு மேல் போனால், பழைய சர்வரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆபீஸில் ஒருத்தரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால், அதை அணைக்க வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது.