வால்வு காலம் – 9: ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போதும்

சென்ற வாரம் பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துப் பார்த்தோம். அதில் உள்ள வைண்டிங்குகளில் அதிகம் கவனிக்கப்படாதது ஒன்று உண்டு. அதுதான் வால்வின் ஹீட்டரைச் சூடேற்றும் 6.3 வோல்ட் வைண்டிங். வால்வு எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் திருப்பாலைவனம் வரும். அதைத் தாண்டினால் ஏரியும் கடலும் சேரும் பக்கத்து மீனவர் குப்பங்கள். சிவன் கோயில் திருவிழா, மகிமை மாதா ஆலயத் தேர், கல்யாண வீடு, புயல் எச்சரிக்கை என எதுவானாலும் இங்கே ஊருக்குச் சொல்வது மைக் செட்தான். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் தமிழ்நாட்டு மைக் செட்டுகள் எல்லாமே வால்வு செட்டுகள். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் இ.எல்.84, இ.சி.சி.83 வால்வுகள் இன்றும் பழைய கடைகளின் பெட்டிகளில் கிடைக்கின்றன. அந்த உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி.

6.3 என்ற கணக்கு கார் பேட்டரியிலிருந்து வந்தது. அந்தக் காலத்துக் கார் பேட்டரியில் மூன்று ஈய அமிலச் செல்கள் இருந்தன. செல் ஒன்றுக்கு 2.1 வோல்ட். கார் ரேடியோவுக்காகப் பிறந்த அந்த அளவு வீட்டு ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொது அளவாகிவிட்டது. வால்வு தயாரித்தவர்கள் பொதுவாக இதில் பத்து சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதித்தார்கள். அதாவது 5.7 முதல் 6.9 வரை. வால்வு நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் ஐந்து சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது: 6 முதல் 6.6 வரை.

கூடினால் என்ன ஆகும்?

வால்வின் கேத்தோடு ஒரு நிக்கல் குழாய். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் பூசியிருக்கும். உள்ளே இருக்கும் ஹீட்டர் அதைச் சுமார் 750, 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால்தான் எலெக்ட்ரான்கள் வெளியே வரும். சூடு அளவை மீறினால் பேரியம் வேகமாக ஆவியாகிப் பக்கத்தில் உள்ள கிரிட் கம்பியில் படியும். பிறகு கிரிட்டும் எலெக்ட்ரான்களை விடத் தொடங்கும். பயாஸ் தடுமாறி, பிளேட்டில் கரண்டு ஏறி, கடைசியில் பிளேட் தகடே சிவந்துபோகும். ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையிலுள்ள காப்புப் பூச்சும் கெட்டு, ஸ்பீக்கரில் இரைச்சல் புகும். இவை ஒரே நாளில் நடப்பதில்லை. அதனால்தான் பலரும் வால்வைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள். புதிய வால்வும் அதே வழியில் போகிறது.

மிகை எங்கிருந்து வருகிறது?

தெருமுனையில் நிற்கும் 11 கேவி டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். வெளியே வரும் அழுத்தம் 433 வோல்ட் என்று இருக்கும். அது மூன்று ஃபேஸ் கணக்கு. ஒரு ஃபேஸுக்கு 250 வோல்ட். சுமை ஏறும்போது கம்பியில் இழப்பு உண்டு என்பதால் முன்கூட்டியே கூட்டி வைத்த அளவு இது. சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கும் மோட்டாரும் ஓடும்போது கடைக்கோடி வீட்டில் 200 காட்டும் லைனில், ஊர் தூங்கிய பிறகு 250 வரை ஏறலாம்.

பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் 220 என்ற டேப் போட்டிருந்தால் கணக்கு எளிது. 250ஐ 220ஆல் வகுத்து 6.3ஆல் பெருக்குங்கள். 7.16 வோல்ட். பதினான்கு சதவீதம் அதிகம். விடிய விடியப் பாட்டுப் போடும் திருவிழா இரவில் வால்வு தாங்க வேண்டியது இதைத்தான்.

முதலில் அளவு, பிறகு மருந்து

வால்வுகள் எல்லாம் சாக்கெட்டில் இருக்க, பத்து நிமிடம் சூடான பிறகு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளக்க வேண்டும். வால்வைக் கழற்றிவிட்டு அளந்தால் சுமை இல்லாததால் பொய் அளவு காட்டும். இ.எல்.84க்கு 4, 5ஆம் பின்கள். ஹீட்டர் 6.3 வோல்ட்டில் ஓடும் இ.சி.சி.83க்கு 4, 5 சேர்த்த முனையும் 9ஆம் பின்னும். அதே நேரத்தில் சுவர் ப்ளக்கின் வோல்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு வைக்கும் நேரம், நள்ளிரவு, காலை என மூன்று வேளையும் எடுங்கள். சேசிஸுக்குள் 300 வோல்ட் டிசி இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கும். பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

240 டேப் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அதே 250 வோல்ட்டில் ஹீட்டர் 6.56க்கு இறங்கிவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் வோல்டேஜ் செலக்டரின் பித்தளை முனைகள் பச்சை பிடித்திருக்கும். சுத்தம் செய்துவிட்டே திருப்புங்கள்.

டேப் இல்லாவிட்டால் 230க்கு 24 வோல்ட் தரும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் போதும். அதன் 24 வோல்ட் வைண்டிங்கை மெயின்ஸ் வரும் வழியில் தொடராக, எதிர்த் திசையில் இணைத்தால் 250 சுமார் 224ஆகக் குறையும். ஹீட்டரில் 6.4 வரும். 60 வாட் இழுக்கும் செட்டுக்கு 1 ஆம்பியர் வைண்டிங் தாராளம். திசை மாறினால் குறைவதற்குப் பதில் கூடி 276 ஆகிவிடும். எனவே செட்டை மாட்டுவதற்கு முன் ஒரு பல்பை மாட்டி அளந்து பாருங்கள். சாயங்காலம் 200க்கு இறங்கும் லைனில் இந்த வழி கூடாது, ஹீட்டர் 5.1க்குப் போய்விடும். ஹீட்டர் குளிர்ந்து எலெக்ட்ரான் போதாமல் போனாலும் கேத்தோடு கெடும். அப்படிப்பட்ட ஊருக்கு நல்ல ஸ்டெபிலைசர்தான் தீர்வு.

பலர் முதலில் தேடுவது ரெசிஸ்டரை. அதற்கும் ஓர் இடம் உண்டு. சுவர் வோல்டேஜும் டேப்பும் ஒத்துப்போய், பிளேட் வோல்டேஜும் சரியாக இருந்து, ஹீட்டர் மட்டும் ஏறியிருந்தால் அந்த வைண்டிங் அதிக வால்வுகளுக்காகச் சுற்றப்பட்டது என்று பொருள். இரண்டு இ.எல்.84, இரண்டு இ.சி.சி.83 சேர்ந்து 2.12 ஆம்பியர் இழுக்கும். 6.9 இருந்தால் கழிக்க வேண்டியது 0.6 வோல்ட். ஓம் விதிப்படி 0.28 ஓம். இரண்டு கம்பியிலும் ஆளுக்கு 0.15 ஓம், 5 வாட் வயர்வவுண்ட் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் சமநிலை குலைந்து இரைச்சல் ஏறும்.

மெயின்ஸ் ஏறியதால் வந்த மிகைக்கு ரெசிஸ்டர் மருந்தல்ல. மெயின்ஸ் ஏறும்போது பிளேட் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறுகிறது. கண்டென்சரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. ஹீட்டரை மட்டும் இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது ஆபத்து. மிகை எந்த வாசலில் நுழைந்ததோ அந்த வாசலிலேயே அதை நிறுத்த வேண்டும். பழைய வால்வு செட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன், நடு இரவில் ஒரு முறை ப்ளக்கில் மீட்டரை வைக்க வேண்டும். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம்: கண்டென்சர் வயதாவது எப்படி?

(தொடரும்)