உயிரியல் மனனம் செய்யும் பாடமா?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண்மகள் ஒருத்தி செவிலியர் பட்டப்படிப்பில் சேர்கிறாள். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அளவிலா மகிழ்ச்சி. மூன்று மாதங்கள் கழிகின்றன. விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசும் மகளின் குரல் கம்மியிருக்கிறது. "ராவும் பகலும் படிக்கிறேன் உம்மா, ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை" என்கிறாள். உடலியங்கியல் தேர்வில் அவள் தோற்றுப்போயிருக்கிறாள்.

இப்படிப்பட்ட குரலைப் பல வீடுகள் கேட்டிருக்கும். செவிலியர் பணி, மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் என எத்துறையில் சேர்ந்தாலும் வாயிலில் நிற்கும் பாடம் உயிரியலே. இந்திய செவிலியர் மன்றம் 2021ஆம் ஆண்டில் திருத்தியமைத்த பாடத்திட்டத்தின்படி, பட்டப்படிப்பின் முதற்பருவத்திலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் வந்துவிடுகின்றன. அடுத்த பருவத்தில் உயிர்வேதியியலும் ஊட்டச்சத்தியலும், அதன்பின் நுண்ணுயிரியலும் தொடர்கின்றன. பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற பிள்ளைக்கு இவையனைத்தும் ஆங்கிலத்தில் வந்து நிற்கும்போது மலைப்பு ஏற்படுவது இயல்பே.

மலைத்துப்போன பிள்ளைகள் நாடும் வழி மனனம். பள்ளியில் கைகொடுத்த அந்த வழி இங்கே கைவிட்டுவிடுகிறது. ஏனெனில், கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது. சவ்வூடு பரவல் என்றால் என்ன என்று பள்ளித் தேர்வு கேட்கும். நோயாளியின் சிரையில் வெறும் காய்ச்சி வடித்த நீரை ஏன் ஏற்றலாகாது என்று கல்லூரி கேட்கும்.

இரண்டும் ஒரே பாடந்தான். செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வு நீரை எளிதில் விடும். உப்பை அவ்வாறு விடாது. கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும். இரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால், நீர் உட்புகுந்து அது உப்பி வெடித்துவிடும். உப்பு மிகுந்த நீரில் இட்டால் சுருங்கிவிடும். நூறு மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் உப்புக் கரைந்த நீரில் மட்டும் அது தன் வடிவு மாறாதிருக்கும். மருத்துவமனையில் தொங்கும் 'நார்மல் சலைன்' புட்டியின்மேல் 0.9 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதன் பொருள் இதுவே. காரணத்தை உணர்ந்த பிள்ளைக்கு அந்த எண் ஒருபோதும் மறவாது.

வங்கத்து முகாமில் ஒரு பாடம்

செல் சவ்வைப் பற்றிய இப்பாடம் எத்தனை உயிர்களைக் காக்க வல்லது என்பதற்கு வரலாறே சான்று. சிறுகுடலின் செல்கள் குளுக்கோஸை ஏற்கும்போது சோடியத்தையும் உடன்சேர்த்தே ஏற்கின்றன என்னும் கருத்தை, அமெரிக்க உயிர்வேதியியலார் இராபர்ட் கிரேன் 1960இல் எடுத்துரைத்தார். அவை இரண்டும் சென்ற வழியே நீரும் செல்லும். காலராக் கிருமியின் நஞ்சு, உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்டச் செய்து உடலை வற்றச் செய்கிறது. ஆயினும், குளுக்கோஸும் சோடியமும் இணைந்து நுழையும் இவ்வாயிலை அது அடைத்துவிடுவதில்லை. எனவே, உப்புடன் குளுக்கோஸையும் கரைத்துப் புகட்டினால் இழந்த நீரை மீட்கலாம்.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் நகரில், சிரைவழி ஏற்றும் நீர் போதாமற் போயிற்று. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரும் பாத்திரங்களில் நிரப்பினார். நோயாளிகளின் உறவினரே அதனை முகந்து புகட்டினர். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. 2022இல் மறைந்த அப்பெருமகனாருக்கு 2023இல் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்று நம் வீடுகளில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வழிவந்ததே. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதன் செறிவைக் குறைத்தது. லிட்டருக்கு 3.5 கிராமாக இருந்த உப்பு 2.6 கிராமாகவும், 20 கிராமாக இருந்த குளுக்கோஸ் 13.5 கிராமாகவும் குறைக்கப்பட்டன. சவ்வூடு பரவலைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குக் காரணம் எளிதில் விளங்கும். குடலில் செறிவு மிகுந்தால் உடலின் நீரே குடலுக்குள் இழுக்கப்படும். ஒரு லிட்டர் நீருக்குரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டுவதும், ருசிக்காகச் சர்க்கரையை அள்ளிப் போடுவதும் ஏன் தீங்கு என்பதும் இதனாலேயே விளங்கும்.

சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

ஆங்கில மருத்துவச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றுள் மிகப்பல கிரேக்க, இலத்தீன் வேர்களால் ஆனவை. 'நெஃப்ரோ' சிறுநீரகத்தையும் 'ஹெப்பட்டோ' கல்லீரலையும் 'ஐட்டிஸ்' அழற்சியையும் குறிக்கும். இம்மூன்றையும் அறிந்தால் நெஃப்ரைட்டிஸ், ஹெப்படைட்டிஸ் ஆகிய இரு நோய்ப்பெயர்கள் தாமே விளங்கிவிடும். இவ்வாறு ஐம்பது வேர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் வசப்படும்.

'ஹைப்பர்' என்பது மிகை. 'ஹைப்போ' என்பது குறை. ஹைப்பர்கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை மிகுதல். ஹைப்போகிளைசீமியா என்றால் குறைதல். செவிக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும் இவ்விரண்டையும் பொருளறியாமல் மனனம் செய்தவர், பதற்றமான வேளையில் மாற்றிக்கொள்ளக்கூடும். சர்க்கரை குறைந்து மயங்கியவருக்கு இன்சுலின் செலுத்தினால் உயிருக்கே ஊறு நேரும்.

படிக்கும் முறை

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடத்திற்குப் பின் வைத்த தேர்வில் முந்தினர். ஆனால், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், ஒருமுறை படித்தபின் நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். முன்னவர் நினைவில் 42 விழுக்காடும் பின்னவர் நினைவில் 56 விழுக்காடும் எஞ்சியிருந்தன.

ஆகவே, மாணவ மாணவியர் ஒரு பகுதியைப் படித்தவுடன் நூலை மூடிவிட வேண்டும். இதயத்தின் நான்கு அறைகளையும், இரத்தம் நுரையீரலுக்குச் சென்று திரும்பும் வழியையும் வெற்றுத்தாளில் வரைந்து பார்க்க வேண்டும். விடுபட்டதை மட்டும் நூலைத் திறந்து நிரப்ப வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் அருகே 'இது கெட்டால் நோயாளிக்கு என்ன ஆகும்?' என ஒரு வினாவை எழுதிக்கொள்ள வேண்டும். அதே பாடத்தை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் நினைவுகூர வேண்டும். தேர்வுக்கு முந்திய ஓரிரவு விழிப்பைவிட இது நூறு மடங்கு பயன் தரும்.

வீட்டார் செய்யத்தக்கது

இதில் பெற்றோருக்கும் பங்குண்டு. விடுமுறையில் வரும் மகளை அருகமர்த்தி, "சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது? எனக்குச் சொல்லு" என்று உம்மா கேட்கட்டும். பள்ளிப்படிப்பு மிகுதியில்லாத தாய்க்கும் விளங்கும்படி தமிழில் சொல்ல முடிந்தால், மகள் பாடத்தை உணர்ந்துவிட்டாள் என்பது உறுதி. சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாளோ, அங்கேதான் அவள் மீண்டும் படிக்க வேண்டும்.

ஒரு தேர்வில் தோற்றதும் "படித்தது போதும், வீட்டுக்கு வந்துவிடு" என்று அழைத்துவிடாதீர்கள் பெற்றோர்களே! முதற்பருவத்துத் தோல்வி பிள்ளையின் அறிவுக் குறைவைக் காட்டுவதன்று. படிக்கும் முறையை மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டதைக் காட்டுவதாகும். படிப்பை நிறுத்திவிட்டால், நாளை நம் நோயாளிகளின் படுக்கையருகே நிற்க வேண்டிய ஒரு செவிலியரை நாம் இழந்துவிடுவோம்.

அடுத்தமுறை மகள் தொலைபேசியில் அழைக்கும்போது எத்தனை மதிப்பெண் என்று முதலில் கேட்க வேண்டாம். "இன்றைக்கு என்னம்மா விளங்கியது?" என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல, பாடம் அவள் மனத்தில் நிற்கத் தொடங்கும்.