குயில் திறந்த அலமாரி

தென்சென்னையிலுள்ள ஒரு கிளை நூலகத்தில், பத்திரிகை படிக்க வரும் முதியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் எப்போதும் நிறைந்திருக்க, குழந்தைகள் பகுதி மட்டும் நெடுங்காலம் ஆளரவமின்றியே கிடந்தது. சென்ற சித்திரையில் ஒரு ஞாயிறு காலை, நூலகர் அம்மையார் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளை வரவழைத்து, உள்ளே அழைத்துச் செல்லாமல், வாசலிலுள்ள வேம்பின் கீழ் நிறுத்திவிட்டார். முதலில் பறவை, பிறகு புத்தகம் என்பதே அவருடைய சங்கற்பம்.

முதலில் அகப்பட்டது காகம். கழுத்துச் சாம்பல் நிறமானால் ஊர்க்காகம், உடல் முழுதும் கறுத்து அலகு பருத்திருந்தால் அண்டங்காக்கை என்னும் வித்தியாசத்தை, தினந்தோறும் காகத்துக்குச் சோறு வைக்கும் வீட்டுப் பிள்ளைகள் அன்றுதான் கண்டார்கள். அதற்குத் தொலைநோக்கி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு, பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளிகள் தெளித்தாற்போன்ற ஒரு பறவை கிளையில் வந்தமர்ந்தது. கண்கள் செக்கச் சிவந்திருந்தன.

"பருந்து!" என்றான் ஒரு பையன்.

"பருந்துக்கு மூக்கு வளைஞ்சிருக்குமே தாத்தா, இதுக்கு இல்லையே?" என்று உடன் நின்றிருந்த என்னிடம் முறையிட்டாள் ஒரு சிறுமி.

நான் விடை சொல்லவில்லை. இலைமறைவில் கரிய பறவையொன்று கூவியதும் இரு காகங்கள் பாய்ந்து அதைத் துரத்த, அந்தக் கோபத்தின் காரணத்தை அறிந்தே தீரவேண்டுமென்று குழந்தைகள் அனைவரும் உள்ளே ஓடினார்கள். தூசி படிந்த அலமாரியிலிருந்து பறவை நூல்கள் மேசைக்கு வந்தன. கறுத்தது ஆண்குயில், புள்ளியுடையது அதன் பேடு, அது முட்டையிடுவது காகத்தின் கூட்டில் என்று வாசித்தபோது அவர்கள் அடைந்த ஆச்சரியத்தை எந்தப் பாடவேளையிலும் நான் கண்டதில்லை.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்க்கையே இத்தகைய ஒரு நிகழ்ச்சியால் திசைமாறியது. சிறுவனாயிருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு ஐயுற்று, அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே காரியதரிசியாயிருந்த மில்லார்டு துரை அவரை விரட்டாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டியதோடு நூல்களையும் இரவல் கொடுத்தனுப்பினார். ஒரு குழந்தையின் சந்தேகத்துக்கு ஒரு ஸ்தாபனம் செவிசாய்த்தது என்பதே எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

நூலகம் ஜனங்களைத் தேடிச் செல்வது நமக்குப் புதிதன்று. 1931-லேயே மன்னார்குடி வட்டாரத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகங்கள் சென்றன. சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்தும் நகரவாசிகள், தம் வார்டு நூலகத்தில் மாதம் ஒரு காலைப்பொழுதையாவது குழந்தைகள் இவ்வாறு பறவை பார்ப்பதற்கு ஒதுக்குமாறு கேட்பதில் தவறில்லை. அதிகச் செலவுமில்லை, ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பிலும், வீட்டு வாசலில் கால்மணி நேரம் நின்றே குழந்தைகள் பங்கு பெறலாம். ஆயினும், யார் அதிகம் எண்ணினார்கள் என்ற போட்டியாக மட்டும் அதை ஆக்கிவிடலாகாது. பரிசின்மீது கண் போனால் பறவையின்மீது கண் நில்லாது.

அன்று அந்தச் சிறுமி, தன் நோட்டில் பறவையின் பெயருக்காக விட்டிருந்த இடத்தில் 'பெண் குயில்' என்று எழுதி, கண்ணுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, பத்திரிகையை மடித்து வைத்து, "எந்தக் கிளையில பாப்பா?" என்று கேட்டவாறே எழுந்து அவளோடு வாசலுக்கு நடந்தார்.