அன்றாட ஆடையில் அன்றாட வாழ்வு

பிறைக்கு எதிர்க்கரையில் உள்ள பினாங்குத் தீவில் வாழ்ந்த சுவா தியன் தெங் (மறைவு 2008), பாத்தேக் ஓவியக் கலையின் முன்னோடி. துணியில் உருகிய மெழுகால் கோடிட்டுச் சாயம் ஏற்றினால், மெழுகு படிந்த இடம் நிறம் ஏற்காது. வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்னர் என்பதே முறை. ஏறிய சாயத்தைத் திருத்துதல் அரிது. ஆடைக்கு உரியதாயிருந்த இக்கைவினையை அவர் 1950களில் ஓவியத்துக்கு உரியதாக்கினார். கம்பத்து வீடுகளும், குழந்தையை ஏந்திய தாயரும், மீனவரும், பால்மரத் தொழிலாளரும் அதில் வண்ணம் பெற்றனர். 1968இல் யுனிசெப் அவர் ஓவியமொன்றை வாழ்த்து அட்டைக்குத் தேர்ந்தது. எளியோர் உடுத்தும் துணியே அவ்வெளியோரின் வாழ்வைக் காட்டும் ஓவியத்திரை ஆயிற்று. மாணவர்க்கு ஓவியம் கற்பிக்கும் நாமும் அவர்தம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்.