செட்-டாப் பாக்ஸில் பதிவான நிகழ்ச்சியைக் கணினிக்கு மாற்ற முடியுமா? தொழில்நுட்பமும் சட்டமும் சொல்வது என்ன?

புதுதில்லி: தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை செட்-டாப் பாக்ஸில் பதிவு செய்து வைக்கும் பலர், அவை நிரந்தரமாகத் தங்களிடம் இருக்கும் என்றே நம்புகின்றனர். பெட்டி பழுதாகும்போதோ, டி.டி.எச். நிறுவனத்தை மாற்றும்போதோதான் அந்த நம்பிக்கை பொய்க்கிறது. நிகழ்ச்சி பதிவான பென் டிரைவ் கையில் இருக்கும். ஆனால், அதைக் கணினி உள்பட வேறு எந்தக் கருவியிலும் பார்க்க இயலாது.

திரைப்படம், நெடுந்தொடர் போன்றவை இணையத்தில் மீண்டும் கிடைக்கக்கூடும். ஆனால், மகள் பங்கேற்ற விநாடி-வினா, மறைந்த தந்தை பேசிய விவசாய நிகழ்ச்சி, உள்ளூர் கேபிள் சேனலில் ஒரு முறை மட்டும் ஒளிபரப்பான கோயில் திருவிழா ஆகியவற்றின் நிலை வேறு. பல வீடுகளில் அவற்றுக்கு செட்-டாப் பாக்ஸில் உள்ள பதிவே ஒரே பிரதியாக இருக்கிறது. அந்தப் பதிவைக் கணினிக்குக் கொண்டுவர என்ன வழி, அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பதை இங்கு காணலாம்.

பதிவு எவ்வாறு நடைபெறுகிறது?

டி.வி.ஆர். என்றதும் இந்தியாவில் பலருக்கும் கண்காணிப்பு கேமராக்களுடன் இணைக்கப்படும் கருவியே நினைவுக்கு வருகிறது. இங்கு குறிப்பிடப்படுவது தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் செட்-டாப் பாக்ஸ். டாடா ஸ்கை நிறுவனம் (தற்போதைய டாடா பிளே) 2008-ம் ஆண்டு 'டாடா ஸ்கை பிளஸ்' என்ற பெயரில் ஹார்டு டிஸ்க் உள்ள இத்தகைய பெட்டியை அறிமுகப்படுத்தியது. பின்னர், வாடிக்கையாளரே பென் டிரைவ் அல்லது வெளிப்புற ஹார்டு டிஸ்க்கை இணைத்துப் பதிவு செய்யும் பெட்டிகள் பரவலாகின.

செயற்கைக்கோள் வழியாகவோ, கேபிள் வழியாகவோ வரும் கட்டணச் சேனல்களின் சமிக்ஞை மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. சந்தா செலுத்தியவரின் பெட்டி மட்டும் அதைப் பிரித்துத் திரையில் காட்டுகிறது. நிகழ்ச்சியைச் சேமிக்கும்போது, பெட்டி அதை மீண்டும் மறையாக்கம் செய்தே ஹார்டு டிஸ்க்கில் எழுதுகிறது. அதைத் திறப்பதற்கான மின்னணுச் சாவி பென் டிரைவில் இருப்பதில்லை. பெட்டியின் உள்ளே இருக்கும் சிப்பில் உள்ளது. எனவே, கோப்பைக் கணினிக்கு நகலெடுத்தாலும் நகலெடுக்கப்படுவது பூட்டிய பெட்டகம் மட்டுமே. சாவி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது.

பூட்டு போடுவது ஏன்?

கேபிள் தொலைக்காட்சி அனலாக் முறையில் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. வி.சி.ஆர். மூலமாகவோ, கணினியில் பொருத்திய டி.வி. டியூனர் அட்டை மூலமாகவோ நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் சட்டத்தில் 2011-ம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தைத் தொடர்ந்து, 2012-ம் ஆண்டு முதல் நாடு முழுவதும் படிப்படியாக டிஜிட்டல் முறை கட்டாயமாக்கப்பட்டது. செட்-டாப் பாக்ஸ் இல்லாமல் கேபிள் சேனல்களைப் பார்க்க இயலாத நிலை உருவானது.

இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2017-ம் ஆண்டு வெளியிட்ட இணைப்பு ஒழுங்குமுறைகள், பதிவு வசதி கொண்ட செட்-டாப் பாக்ஸ்களில் நகலெடுப்பைத் தடுக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு பெட்டியில் பதிவானது மற்றொரு கருவியில் இயங்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஆகவே, கோப்பு கணினியில் திறக்காததைப் பெட்டியின் கோளாறாகக் கருத வேண்டியதில்லை. பெட்டி அவ்வாறு செயல்படவே வடிவமைக்கப்பட்டுள்ளது.

சந்தா முடிந்து இணைப்பு துண்டிக்கப்பட்டால், ஏற்கெனவே பதிவான நிகழ்ச்சிகளும் திறக்காமல் போகலாம். பழுதான பெட்டிக்குப் பதிலாக அதே நிறுவனம் புதிய பெட்டி வழங்கினாலும், அதே பென் டிரைவில் உள்ள பழைய பதிவுகள் அதில் இயங்காது.

முதலில் கவனிக்க வேண்டியவை

பதிவை மாற்றும் முயற்சியில் இறங்கும் முன், அதை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பென் டிரைவையோ, ஹார்டு டிஸ்க்கையோ கணினியில் இணைக்கும்போது, 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்ற அறிவிப்பு தோன்றக்கூடும். சில பெட்டிகள், விண்டோஸ் கணினிகளுக்குப் புரியாத கோப்பு முறைமையைப் பயன்படுத்துவதே இதற்குக் காரணம். அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டால் பதிவுகள் அழிந்துவிடும். அதை ரத்து செய்துவிட்டு, டிஸ்க்கைப் பாதுகாப்பாக வெளியே எடுப்பதே சரி.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. குடும்பப் புகைப்படங்கள் உள்ள பென் டிரைவை முதல்முறையாக செட்-டாப் பாக்ஸில் செருகினால், பதிவு செய்வதற்காக அதை ஃபார்மட் செய்யுமாறு பெட்டி கேட்கக்கூடும். பதிவுக்கெனத் தனி டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது.

டிரைவ் கணினியில் திறந்தால், அதிலுள்ள கோப்பை வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளில் இயக்கிப் பார்க்க வேண்டும். படமும் ஒலியும் தெளிவாக வந்தால் அந்தப் பதிவில் பூட்டு இல்லை. கோப்பு திறக்காவிட்டாலோ, வண்ணக் கட்டங்கள் மட்டும் தெரிந்தாலோ அது மறையாக்கம் செய்யப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். கோப்பின் பெயரிலுள்ள கடைசி எழுத்துகளை மாற்றுவதால் அது திறந்துவிடாது.

பூட்டு இல்லாத பதிவு: நேரடி நகல்

பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. அதன் சேனல்களில் பெரும்பாலானவை மறையாக்கம் இன்றி ஒளிபரப்பாகின்றன. சந்தையில் கிடைக்கும் சாதாரண ஃப்ரீ டிஷ் பெட்டிகள் பலவற்றில் யு.எஸ்.பி. வழியாகப் பதிவு செய்யும் வசதி உள்ளது. இவற்றில் பதிவாகும் நிகழ்ச்சிகள் பொதுவாக 'டி.எஸ்.' என்ற வகைக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. அவற்றைக் கணினிக்கு நகலெடுத்து உடனடியாகப் பார்க்கலாம்.

'டி.எஸ்.' என்பது ஒளிபரப்புக்கென உருவாக்கப்பட்ட வடிவம். படமும் ஒலியும் 188 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பப்படுகின்றன. மழையால் சமிக்ஞை தடைபட்டுச் சில பொட்டலங்கள் விடுபட்டாலும் எஞ்சிய பதிவு வீணாவதில்லை.

நீண்ட நிகழ்ச்சிகள் சில நேரங்களில் பல துண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். பல பென் டிரைவ்களில் உள்ள ஃபேட்-32 கோப்பு முறைமை, ஒரு கோப்பு 4 ஜி.பி. அளவைத் தாண்ட அனுமதிப்பதில்லை என்பதே காரணம். விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் சாதாரணத் தரச் சேனல், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.35 ஜி.பி. இடம் எடுக்கும். விநாடிக்கு 8 மெகாபிட் வேகமுள்ள எச்.டி. சேனலுக்கு 3.6 ஜி.பி. தேவை. எனவே, துண்டுகள் அனைத்தையும் வரிசை மாறாமல் நகலெடுப்பது அவசியம்.

கைப்பேசியில் பார்ப்பதற்கு 'எம்.பி.4' வடிவம் ஏற்றது. 'எஃப்.எஃப்.எம்.பெக்', 'லாஸ்லெஸ்கட்' போன்ற மென்பொருள்கள், படத்தின் தரத்தைக் குறைக்காமல் உறையை மட்டும் மாற்றித் தருகின்றன. 'ஹேண்ட்பிரேக்' படத்தையே மறுபடியும் சுருக்குகிறது. கோப்பு சிறிதாகும், தரம் சற்றுக் குறையும். எதைப் பயன்படுத்தினாலும் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

பூட்டு உள்ள பதிவு: ஏ.வி. வழி

கட்டண டி.டி.எச். மற்றும் கேபிள் பெட்டிகளில் உள்ள பதிவைக் கோப்பாக எடுக்க இயலாது. ஆனால், அதே பெட்டியில் அந்தப் பதிவை ஓடவிட்டு, வெளியே வரும் படத்தையும் ஒலியையும் கணினியில் புதிதாகப் பதிவு செய்வது பல பெட்டிகளில் சாத்தியமாகிறது.

இதற்குப் பெட்டியின் பின்புறம் உள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற ஏ.வி. முனைகள் உதவுகின்றன. சிறிய பெட்டிகளில் இவற்றுக்குப் பதிலாக, மூன்று நிற கேபிள் செருகும் ஒரே துளை இருக்கும். அந்த கேபிளை யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் கருவியில் இணைத்து, அதைக் கணினியில் செருக வேண்டும். 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ' போன்ற இலவச மென்பொருளில் அந்தக் கருவியைத் தேர்வு செய்து, பெட்டியில் நிகழ்ச்சியை இயக்கிப் பதிவு செய்யலாம்.

மென்பொருளில் வண்ண முறையாக 'பி.ஏ.எல்.' என்பதையும், விநாடிக்கு 25 சட்டகங்கள் என்பதையும் தேர்வு செய்ய வேண்டும். இந்தியாவில் நடைமுறையில் உள்ளது இதுவே. அமெரிக்க முறையான 'என்.டி.எஸ்.சி.' தேர்வாகியிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ, உருண்டுகொண்டோ தெரியும். முதலில் 5 நிமிடம் மட்டும் பதிவு செய்து, உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு முழு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த முறைக்கு இரண்டு வரம்புகள் உள்ளன. ஏ.வி. முனையில் அதிகபட்சம் 576 வரித் தரமே கிடைக்கும்; எச்.டி. நிகழ்ச்சியின் துல்லியம் கிடைக்காது. மேலும், 2 மணி நேர நிகழ்ச்சியை மாற்ற 2 மணி நேரம் ஆகும். எனவே, பதிவான அனைத்தையும் மாற்ற முயல்வதைவிட, வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் மாற்றுவதே நடைமுறைக்கு உகந்தது.

எச்.டி.எம்.ஐ. முனையில் வரும் படம் தெளிவானது என்றாலும், கட்டணச் சேனல்களில் அது பொதுவாக 'எச்.டி.சி.பி.' எனும் பாதுகாப்புடன் வருகிறது. கேப்சர் கருவியில் கறுப்புத் திரை மட்டுமே தெரியும். சில பெட்டிகள் ஏ.வி. முனையிலும் நகலெடுப்பைத் தடுக்கும் சமிக்ஞையை அனுப்புகின்றன. அப்போது படத்தின் வெளிச்சம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். அத்தகைய பெட்டிகளில் இந்த வழியும் பயன்படாது. பூட்டைத் திறந்து தருவதாகக் கூறி இணையத்தில் விற்கப்படும் மென்பொருள்களை நம்புவது பண இழப்புக்கும், கணினியில் வைரஸ் புகுவதற்கும் வழிவகுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 37-வது பிரிவு, ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு 25 ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு மறுஉருவாக்க உரிமை வழங்குகிறது. அதேவேளையில், தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஒருவர் தாமே பதிவு செய்வது அந்த உரிமையை மீறுவதாகாது என 39-வது பிரிவு கூறுகிறது. உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கான பதிவுக்கும் இது பொருந்தும். நிகழ்ச்சியில் இடம்பெறும் திரைப்படம், பாடல் போன்ற படைப்புகளைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்காக நியாயமான முறையில் கையாள 52-வது பிரிவு அனுமதிக்கிறது.

பதிவை யூடியூப், வாட்ஸ்ஆப் குழுக்கள் போன்றவற்றில் பரப்புவதோ, விற்பதோ இந்த விலக்குக்குள் வராது. பதிப்புரிமை மீறலுக்கு 63-வது பிரிவின் கீழ் 6 மாதங்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

2012-ம் ஆண்டு திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தகர்ப்போருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்கிறது. இதில் 'நோக்கம்' என்பதே முக்கியமானது. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத செயலுக்காக அவ்வாறு செய்வதற்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. இவற்றுடன், டி.டி.எச். நிறுவனத்துடன் சந்தாதாரர் ஏற்றுக்கொண்ட ஒப்பந்த நிபந்தனைகளையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஆக, வீட்டில் பார்ப்பதற்காகப் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், அந்தப் பதிவு நீண்ட காலம் நிலைக்க வேண்டும் என்று எந்தப் பெட்டியையும் அது கட்டாயப்படுத்தவில்லை. இந்த இடைவெளியில் சிக்குவது, ஒரே பிரதியைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள்தான்.

தாமதிக்காமல் செய்ய வேண்டியது

செட்-டாப் பாக்ஸை மாற்றும் முன்பும், சந்தாவை நிறுத்தும் முன்பும், பழுது பார்க்க அனுப்பும் முன்பும் அதிலுள்ள பதிவுகளின் பட்டியலைப் பார்ப்பது அவசியம். முக்கியமான பதிவு இருந்தால், பெட்டி இயங்கும்போதே மேற்கண்ட முறையில் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். பெட்டி செயலிழந்த பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

மாற்ற இயலாத நிலையில், சேனலின் அதிகாரப்பூர்வ இணையதளம், யூடியூப் பக்கம், ஓ.டி.டி. தளம் ஆகியவற்றில் அந்த நிகழ்ச்சி உள்ளதா என்று தேடலாம். தூர்தர்ஷனின் பழைய நிகழ்ச்சிகள் சில, பிரசார் பாரதியின் 'வேவ்ஸ்' தளத்திலும், அதன் ஆவணக் காப்பகத்தின் யூடியூப் பக்கத்திலும் கிடைக்கின்றன. நிகழ்ச்சியில் பங்கேற்றவரோ, அவரது குடும்பத்தினரோ ஒளிபரப்பான தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, சேனலிடம் எழுத்து மூலம் பிரதி கோரலாம். உள்ளூர் கேபிள் சேனல்களைப் பொருத்தவரை, ஒளிபரப்பான சில நாள்களுக்குள் கேட்பது நல்லது.

கணினிக்கு வந்த பிறகும் பாதுகாப்பு தேவை. ஹார்டு டிஸ்க்கும் பழுதடையக் கூடியதே. நிகழ்ச்சியின் பெயர், சேனல், ஒளிபரப்பான தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே குறித்து, இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் சேமித்து, அவற்றில் ஒன்றை வேறு இடத்தில் வைத்திருப்பது பாதுகாப்பானது.