விலையில்லாத ஆட்டுக்குட்டி

திருவருகைக் காலம் தொடங்கியதும் கடைகளின் முகப்பும் மாறிவிடுகின்றது. ‘இதை வாங்கினால் இது இலவசம்’ என்னும் அறிவிப்புகள் எங்கும் தொங்குகின்றன. பிள்ளைகளின் கண்களோ பொருளை விட்டுவிட்டு, அதனோடு வரும் விளையாட்டுச் சாமானையே தேடுகின்றன. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு தேடியவன்தான்.

இவ்வழக்கம் புதியதன்று. அமெரிக்காவில் ‘கிராக்கர் ஜாக்’ என்னும் சோளப்பொரிப் பெட்டிக்குள் 1912ஆம் ஆண்டிலேயே சிறு பரிசுப் பொருட்கள் வைக்கப்பட்டன. 1974இல் இத்தாலியில் பொம்மையை உள்ளடக்கிய சாக்லேட் முட்டை வந்தது. 1979இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் பிள்ளைகளின் உணவோடு விளையாட்டுச் சாமானையும் சேர்த்துத் தரத் தொடங்கியது. அயல்நாடான இந்தியாவில் பினாக்கா பற்பசைப் பெட்டிக்குள் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் விலங்குகள் இருந்தன. 1952இல் இலங்கை வானொலியில் ஆரம்பமான ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சியால் அப்பெயர் நம் மூத்தவர்களுக்கும் அறிமுகமானதே. பெட்டிக்குள் எந்த விலங்கு இருக்கின்றது என்பது வெளியில் தெரியாது. விடுபட்டதைத் தேடி மீண்டும் மீண்டும் வாங்க வேண்டும். வியாபாரத்தின் நுட்பம் அங்கேதான் இருக்கின்றது.

1980களின் இறுதியில், சவளக்கடையில் சிறுவனாக இருந்த என்னையும் அந்த நுட்பம் வென்றது. மார்கழி மழையில் கிட்டங்கித் தாம்போதி மூழ்கினால் கல்முனைக்குப் போவதே பெரும்பாடு. எங்களுக்குச் சந்தியில் இருந்த சிறு கடையே உலகம். நத்தாரை முன்னிட்டு அக்கடைக்கு வந்த பெரிய பால்மாப் பெட்டிகளில் ஒவ்வொரு விலங்கு பொம்மை இருந்தது. என்னிடம் யானை இரண்டும், மாடும், ஒட்டகமும் சேர்ந்திருந்தன. பாலன் குடிலில் வைக்க ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் வேண்டும்.

நாங்கள் வழக்கமாகச் சிறிய பைக்கற்றே வாங்குவோம். நான் அழுது அடம்பிடித்தேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி மனே, இந்த ஒருக்காத்தான்” என்று பெரிய பெட்டியை வாங்கித் தந்தார். ஆவலோடு திறந்தேன். மூன்றாவது யானை வந்தது! அவ்வாண்டு நத்தார்த் திருப்பலிக்கு அம்மா பழைய சேலையையே உடுத்திக்கொண்டு வந்தார். சேலைக்காகச் சேர்த்த பணம் எங்கே போனது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கடைக்காரக் காக்கா, கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையைச் சேர்ந்தவர். என் வயதுடைய அவரது மகனும் அதே பொம்மைகளைச் சேர்த்து வந்தான். அவனிடம் ஆட்டுக்குட்டி ஒன்று இருந்தது, ஒட்டகம் இல்லை. மனமில்லாமலே என் ஒட்டகத்தை நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை. “ஒட்டகத்த வெச்சுக்க. அது இல்லாட்டி உங்கட ராசாமார் எதுல வருவாங்க? இந்தா, ஆட்டையும் எடு. ஒங்கட பெருநாள்தானே!” என்றான். அவனிடம் இருந்ததே அந்த ஓர் ஆட்டுக்குட்டிதான். எங்கள் குடில் நிறைந்தது.

1223ஆம் ஆண்டு கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது, மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் வைத்து, மீட்பர் பிறந்த ஏழ்மையையே மக்களுக்குக் காட்டினார். அந்த ஏழ்மையின் பொருளை எனக்குக் கற்பித்தது ஒரு முஸ்லிம் சிறுவனின் வெறுங்கை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். குருமட மாணவனாக விடுமுறையில் வீடு வந்திருந்தேன். ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. கல்முனை, மருதமுனை மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடி வந்தனர். அவர்களுள் என் நண்பனும் ஒருவன். நனைந்த உடையோடு தன் சிறு மகளைத் தோளில் சுமந்து வந்தான். குழந்தை அழுகையை நிறுத்தவேயில்லை. எதைக் கொடுப்பதென்று தெரியாமல், குடிலில் இருந்த ஆட்டுக்குட்டியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவன் அதை உற்றுப் பார்த்தான். “இது அந்த ஆடுதானே?” என்றான். இருவரும் அழுதோம்.

அன்பார்ந்த பெற்றோரே, கடை தரும் ‘இலவசத்திற்கு’ எப்போதும் யாரோ ஒருவர் விலை கொடுக்கின்றார். என் மூன்றாவது யானைக்கு என் தாய் விலை கொடுத்தார். ஆட்டுக்குட்டியோ விலையின்றி வந்தது, விலையின்றியே சென்றது. கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே வழங்குமாறு ஆண்டவர் தம் சீடரைப் பணித்தது (மத்தேயு 10:8) இதற்காகத்தான்.

இந்த நத்தாருக்குப் பிள்ளைகள் ஒரு பொம்மை கேட்டால் மறுக்க வேண்டாம். அதற்கான பணம் வீட்டில் எவ்வாறு வருகின்றது என்பதையும் அன்போடு சொல்லிக்கொடுங்கள். அவர்களிடம் இருப்பவற்றுள் ஒன்றை, மிஞ்சியதையன்று, விரும்பிய ஒன்றையே, அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கப் பழக்குங்கள். அப்பிள்ளை எந்த மதத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக் குடிலில் ஆட்டுக்குட்டி நின்ற இடத்தை இன்றும் வெறுமையாகவே விட்டுவைக்கிறோம். குடில் குறைவுபட்டதாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.